சம்பந்தியோடு மலையை வலம் வந்த கதை

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் இதை வெளியே தெரியாமல் காப்பாற்றி வந்தேன். லிஃப்டில் ஏற மாட்டேன். கேட்டால் உடற்பயிற்சி என்பேன். நாய் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போவேன்; கேட்டால் அங்கேதான் வெயில் அடிக்கிறது என்பேன். நிலத்துக்குக் கீழே இருக்கும் கார்த் தரிப்பிடத்துக்குள் தனியே இறங்கவே மாட்டேன். (மனைவி இறங்கிக் காரை எடுத்து வருவாள். நான் வாசலில் நின்று, "வா, வா, இடம் இருக்கு" என்று பெரிய பொலிஸ்காரன் மாதிரிக் கை காட்டுவேன்.)

இந்த இரகசியம் ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை பிற்பகலில், ஜூரா மலையில் ஒரு குகைக்குள் அம்பலமானது. அதுவும் வேறு யாருக்கும் முன்னால் அல்ல. என் மகளின் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லவேண்டிய மனிதருக்கு முன்னால்.

மகள் ஆரணி எங்கள் ஊரான ஆராவில் தாதியாக வேலை செய்கிறாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், தண்ணீர் கேட்கிற குரலில், நிரோஷன் என்று ஒருவரைத் தனக்குப் பிடித்திருப்பதாகச் சொன்னாள். பொடியன் லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் வளர்ந்தவன், பொறியியல் படித்தவன், தகப்பன் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் முப்பது வருடமாக வேலை. என் மனைவி புவனா ஒரு மணி நேரத்துக்குள் நாலு பேருக்குத் தொலைபேசி எடுத்து, அந்தக் குடும்பத்தைப் பற்றி அந்தக் குடும்பத்துக்கே தெரியாத விஷயங்களைக்கூட அறிந்து முடித்துவிட்டாள். எல்லாம் நல்ல சேதி. ஒரே ஒரு சிக்கல்தான்.

"நிரோவின்ரை அப்பா இன்னும் ஓம் சொல்லேல்லை அப்பா" என்றாள் ஆரணி. "உங்களைப் பாத்துக் கதைச்சிட்டுத்தான் சொல்லுவாராம். அவர் வேண்டாமெண்டா நிரோ மீற மாட்டார்."

அவள் அழவில்லை. கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் எந்த மலையிலும் ஏறத் தயாராக இருந்தேன். ஏறவும் வைத்தாள்.

"வீட்டிலை, ரெஸ்டோரன்டிலை எண்டா அவர் வாயே திறக்க மாட்டாராம். நடக்கேக்கைதான் கதைப்பாராம். சனிக்கிழமையிலை மலை ஏறுறவராம். அதாலை…" கொஞ்சம் இழுத்தாள். "உங்களுக்கும் மலை ஏறப் பிடிக்கும் எண்டு சொல்லிப்போட்டன்."

"எனக்கோ?"

"ஒரு நாள்தானே அப்பா."

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்பவன். என் வாழ்நாளின் நீண்ட நடை, பஸ் நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவது. அதிலும் நடுவில் உட்கார்ந்து இளைப்பாற ஒரு வாங்கு இருக்கிறது.

இடத்தைப் பிள்ளைகளே தெரிவு செய்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில், ஜெர்மனும் பிரெஞ்சும் முட்டிக்கொள்ளும் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு ருண்ட்வேக், அதாவது புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேரும் நடைபாதை. சுண்ணாம்புக் கற்குகைகள், மண்ணுக்குள் மறைந்து போகும் ஓடைகள் எல்லாம் பார்க்கலாமாம். மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் இரண்டு மணி பதினைந்து நிமிட நடை என்று போட்டிருந்தது. ஆரணிக்கு வேலை. நிரோஷன், தான் வந்தால் தகப்பன் கதைக்க மாட்டார் என்று நின்றுவிட்டான். ஆக, இரண்டு சோடிப் பெற்றோர் மட்டும் கார்த் தரிப்பிடத்தில் சந்தித்தோம்.

நிரோஷனின் தகப்பன் தர்மலிங்கம் அண்ணை என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் மூன்று கோடு விபூதி, நடுவில் சந்தனம், கையில் ஒரு குடை. கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவருடைய மனைவி மல்லிகா அக்காவுக்கு முழங்கால் வருத்தம். அவர் நடக்கப் போவதில்லை என்றதும் புவனாவும் துணைக்கு இருந்துவிட்டாள். வாங்கில் துணி விரித்து, புட்டும் கோழிக்கறியும் தேத்தண்ணிப் போத்தலும் பரப்பினார்கள்.

"சுத்தி இஞ்சைதானே வருவியள். வந்து சாப்பிடுங்கோ" என்றார் மல்லிகா அக்கா.

புவனா என்னை ஒரு பக்கமாக இழுத்தாள். "இஞ்சருங்கோ, வாயைக் குறைச்சுக் கதையுங்கோ. பிள்ளையின்ரை வாழ்க்கை."

நான் வாயைக் குறைப்பதற்குள் தன் விளையாட்டைக் காட்டியது, பாதை தொடங்கும் இடத்தில் நின்ற வரைபடப் பலகை. மலையைச் சுற்றி வட்டம் போட்டு, வலப்பக்கமாகப் போகச் சொல்லி அம்புக்குறி போட்டிருந்தார்கள். அப்படிப் போனால் மலை இடக்கைப் பக்கம் வரும். கோயிலில் அப்படிச் சுற்றினால் ஐயர் கூப்பிட்டுக் கேட்பார். நான் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் அண்ணையின் நெற்றியைப் பார்த்தேன். இதுதான் சந்தர்ப்பம் என்று புத்தி சொன்னது. (புத்தி என்று நான் சொல்வது அந்த நேரம் அங்கே இருந்ததை.)

"அண்ணை, நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறம். இடமாச் சுத்த வேண்டாம். மலையை வலமா வருவம்."

அண்ணை வாயைத் திறந்தார். அம்புக்குறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடினார்.

"சரி. உங்களுக்குப் பழக்கமான விஷயம்தானே" என்றார்.

நான் பெருமையோடு இடப்பக்கம் திரும்பி நடந்தேன். முதல் மார்க் எடுத்துவிட்டதாக நினைப்பு.

முதல் அரைமணி நேரம் நன்றாகத்தான் போனது. பாதையின் ஓரமாக ஓர் ஓடை எங்களோடு கூடவே வந்தது. ஆனால் வழியில் கண்ட அத்தனை பேரும் எங்களுக்கு எதிர்த்திசையில் வந்தார்கள். ஓட்டக்காரர், பிள்ளைகளோடு ஒரு குடும்பம், ஊன்றுகோல் வைத்த இரண்டு கிழவர்கள். எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். ஒருவர் நின்று, கையை ஆட்டி ஆட்டிப் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லான "மெர்சி"யைச் சொல்லிவிட்டு மேலே நடந்தேன். அண்ணை ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு என் பின்னால் வந்தார். கதைக்கவில்லை. நடக்கும்போதுதான் கதைப்பார் என்றார்களே, இந்த மனிதருக்கு என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் உதறத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து ஓடை காணாமல் போனது. சும்மா சொல்லவில்லை. பத்தடிக்கு முன்னால் துள்ளிக்கொண்டிருந்த தண்ணீர் இரண்டு பாறைகளுக்கு நடுவே சுழன்று உள்ளே இறங்கியது. அதற்கப்பால் காய்ந்த கல்லும் பாசியும்தான்.

"எங்கை போட்டுது?" என்றார் அண்ணை. நாற்பது நிமிடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி.

"கீழை போகுது அண்ணை. சுண்ணாம்புக்கல்லு. தண்ணி அரிச்சு அரிச்சு உள்ளுக்கை பாதை வெட்டிப்போடும்." முந்திய நாள் மகள் படிப்பித்ததை ஒப்பித்தேன்.

"அப்ப எங்களுக்குக் கீழை வெறுமையோ?"

அதுவரை நான் அப்படி யோசித்திருக்கவில்லை. அதன் பிறகு வேறு எதையும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு அடியையும் நிலம் தாங்குமா என்று தட்டிப் பார்த்து வைத்தேன். மேலே, மலை உச்சிப் பக்கம் வானம் கறுத்து, அங்கே மழை பெய்வது சாம்பல் நிறத் திரை மாதிரித் தெரிந்தது. எங்களுக்குத் தூறல் மட்டும்தான்.

பாதை ஓர் இரும்பு ஏணியில் போய் முடிந்தது. பாறையோடு சேர்த்துப் பூட்டிய, ஏறக்குறைய நேர்குத்தான ஏணி. சரியான திசையில் வருகிறவர்கள் அதில் இறங்குவார்கள். நாங்கள் ஏறவேண்டும். என் காலில் தோல் சப்பாத்து. (புவனா முதல் நாள் இரவே பளபளவென்று மினுக்கி வைத்தது.) பன்னிரண்டு படி. ஒவ்வொரு படியிலும் ஆரணி, ஆரணி என்று மந்திரம்போலச் சொல்லி ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது என் சட்டை முழுவதும் வியர்வை.

அங்கே பாறையில் ஒரு பொந்து. குனிந்தால் ஓர் ஆள் நுழையலாம். பாதை அதற்குள்ளே போயிற்று. பக்கத்தில் குகை வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சுற்றுப்பாதையும் இருந்தது. அதைக் கண்டதும் எனக்குக் கடவுளைக் கண்ட மாதிரி. 'அண்ணை, உங்கடை சட்டை ஊத்தையாப் போடும், வெளியாலை போவம்' என்று நாகரிகமாகத் தொடங்க வாயெடுத்தேன்.

டுமீல்.

அடுத்தடுத்து நாலைந்து. பிறகு சரமாரி.

சனிக்கிழமை பின்னேரங்களில் இந்த நாட்டுக் கிராமங்களில் ஆட்கள் துவக்குச் சுட்டுப் பழகுவார்கள். முப்பது வருடமாகக் கேட்கிற சத்தம். எங்கள் வீட்டு பல்கனியில் இருந்து அதைக் கேட்டபடியே தேத்தண்ணி குடித்திருக்கிறேன். ஆனால் அங்கே அது பாறைகளில் மோதி, எங்கள் தலைக்கு மேலேயே வெடிப்பதுபோல இருந்தது. தலைக்கு எல்லாம் விளங்கியது. கால்களுக்கு விளங்கவில்லை. நான் அந்தப் பொந்துக்குள் பாய்ந்து, பத்துப் பன்னிரண்டு அடி தவழ்ந்து, குப்புறப் படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொண்டேன்.

வெட்கத்தோடு கண்ணைத் திறந்து பார்த்தால், எனக்குப் பக்கத்தில், அதே மாதிரி, அதே சேற்றில், வெள்ளைச் சட்டையோடு தர்மலிங்கம் அண்ணை படுத்திருந்தார். குடையையும் தலைக்கு மேல் பிடித்திருந்தார்.

எழும்பி உட்கார்ந்தோம். அப்போதுதான் வேறொரு சத்தம் கேட்டது. நிலத்துக்கு அடியிலிருந்து ஓர் உறுமல். பிறகு எங்கள் பின்பக்கம், நாங்கள் நுழைந்த பொந்துக்கும் எங்களுக்கும் நடுவில், களக் களக் என்று தண்ணீர் கிளம்பி ஓடத் தொடங்கியது. வெளியே தொலைந்துபோன ஓடை எங்களைத் தேடி உள்ளே வந்துவிட்டது.

நான் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை அடித்தேன். ஒன்பது வீதம் பற்றரி. தொடர்பு இல்லை. பின்னால் கறுப்பாகத் தண்ணீர். முன்னால் வளைந்து போகும் இருட்டு. தண்ணீர் எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகமாக ஏறும், ஒன்றும் தெரியாது. இரண்டு பேரையும் நாளைக்குக் கயிறு கட்டித் தூக்குவார்கள், ஆரணி கீழே நின்று பார்ப்பாள் என்று ஒரு படம் மனதில் ஓடியது. உண்மையாகவே பயந்தேன்.

பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தேன். இந்த நாட்டில் அவ்வளவு தேங்காய்க்கு எங்கே போவது என்று அந்த நிலையிலும் ஒரு யோசனை வர, ஐம்பத்தொன்றாகக் குறைத்தேன். தண்ணீர் பெரிதாகச் சத்தம் போட்டது. பழையபடி நூற்றெட்டாக்கினேன். அண்ணை தேவாரம் தொடங்கினார். முதல் அடியையே மூன்று தரம் சொன்னார். இரண்டாவது அடி வரவில்லை.

"நீங்கள் முன்னாலை போங்கோ" என்றார். "உங்களுக்கு மலை, குகை எல்லாம் பழக்கம். பிள்ளை சொன்னவ."

நான் முன்னால் தவழ்ந்தேன். மூன்று அடி போயிருப்பேன். குளிராக ஏதோ ஒன்று என் பிடரியில் விழுந்து, சட்டைக்குள் இறங்கியது.

"ஐயோ அம்மா!" என்று நான் போட்ட கூச்சல் குகை முழுவதும் சுற்றி, நாலு தரம் எனக்கே திரும்பி வந்தது. தொலைபேசி கையிலிருந்து விழுந்து அணைந்தது. கூரையிலிருந்து விழுந்த ஒரு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் நான் பின்னால் சாய்ந்து, என் வருங்காலச் சம்பந்தியின் மடியில் ஏறக்குறைய உட்கார்ந்திருந்தேன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. கல்யாணம் போயிற்று. மகளின் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? எனக்கு அழுகை வந்தது. இருட்டில் அழுவதில் ஒரு சௌகரியம், எதையும் சொல்லலாம்.

"அண்ணை, பிள்ளை சொன்னது பொய். நான் மலை ஏறுறவன் இல்லை. பஸ் நிலையத்திலையிருந்து வீட்டுக்குத்தான் நடக்கிறனான். எனக்கு இருட்டுப் பயம், உயரம் பயம், நாய் பயம். வலமாச் சுத்துவம் எண்டதும் உங்களுக்குப் பிடிக்கும் எண்டுதான் சொன்னனான். என்னை வைச்சு என்ரை பிள்ளையை வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. அவள் என்னை மாதிரி இல்லை. நல்ல தைரியசாலி."

பிறகு அவர் பக்கத்திலிருந்து மூச்சு இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. மாரடைப்பு என்று பதறிவிட்டேன். "அண்ணை! அண்ணை!" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் சனிக்கிழமையிலை மலை ஏறுறவன் எண்டோ சொன்னவங்கள்?"

"ஓம்…"

"சனிக்கிழமையிலை நான் மத்தியானம் படுத்தா ஆறு மணிக்குத்தான் எழும்புவன்." மறுபடியும் சிரித்தார். "அந்த அம்புக்குறிப் பக்கம் போவம் எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான். பொம்பிளை பகுதியை முதல்நாளே மறுத்துக் கதைக்கவேண்டாம் எண்டு மனிசி சொல்லிவிட்டவ. வழியிலை அந்த வெள்ளைக்காரன் சொன்னது, 'மேலை மழை, குகைக்குள்ளை போகாதேங்கோ, திரும்பிப் போங்கோ' எண்டு."

"உங்களுக்கு விளங்கினதோ?"

"முப்பது வருசம் பிரெஞ்சுக்காரரோடை வேலை செய்யிறன். விளங்காதோ?"

"பிறகேன் அண்ணை சொல்லேல்லை?"

"நீங்கள் அவருக்கு மெர்சி எண்டு சொல்லிப்போட்டு நடந்தியள். நான் என்னத்தைச் சொல்ல?"

நெற்றியில் இருந்த விபூதிகூடக் காலையில் மல்லிகா அக்கா பூசிவிட்டதாம். பிறகு அவர் குரல் இறங்கியது. "எனக்கும் சரியான பயமா இருக்கு. கையைத் தாங்கோ" என்றார். தந்தேன். முப்பது வருடம் மயிரளவு திருகாணிகளைக் கடிகாரத்துக்குள் பூட்டிய கை அது. என் நாலு விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"உண்மையைச் சொல்லுறன் தம்பி. நான் வேண்டாமெண்டு சொல்லத்தான் வந்தனான். ஆராவிலை பெரிய ஆக்கள், மலை ஏறுற ஆக்கள், வெள்ளைக்காரர் மாதிரி வாழுற குடும்பம் எண்டு நினைச்சன். எங்கடை பொடியனை நாளைக்குக் குறைச்சுப் பாத்தா என்ன செய்யிறது எண்டு ஒரே பயம். நீங்கள் 'ஐயோ அம்மா' எண்டு கத்தினியளே, அப்பத்தான் எனக்கு நிம்மதி வந்தது. இது எங்கடை ஆக்கள்தான் எண்டு."

ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, தவழ்ந்து ஒரு வளைவைத் திரும்பினோம். திடீரென்று கண் கூசும் வெளிச்சம். நெற்றியில் விளக்குக் கட்டிய ஒரு கிழவி, எழுபத்தைந்து வயது இருக்கும், ஒரு குட்டி நாயோடு வந்துகொண்டிருந்தார். "போன்ஜூர்" என்றார், கடையில் கண்டதுபோல. நான் அண்ணைக்குப் பின்னால் ஒதுங்கினேன். நாய்.

அண்ணை சேற்றுச் சட்டையை இழுத்துவிட்டு, நல்ல பிரெஞ்சில், மிகுந்த மரியாதையோடு எங்கள் நிலைமையை விளக்கினார். பின்பக்கத்து வெள்ளத்தைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். கிழவி சிரித்தார்.

"என்ன சொல்லுறா?"

"மழை பெஞ்சா அது அப்பிடித்தான் வருமாம். கணுக்கால் அளவுக்கு மேலை வராதாம்." கொஞ்சம் நிறுத்தினார். "வாசல் அடுத்த வளைவிலையிருந்து எட்டு அடியாம்."

எட்டு அடியும் சரியாக இருந்தது. பெரிய வாசல், வெளியே பச்சை வெளி, பசுக்கள், வெயில். வாசலில் ஓர் எச்சரிக்கைப் பலகை. மழை நாட்களில் உள்ளே போகவேண்டாம், விளக்கு அவசியம் என்று இரண்டு மொழியில், படம் போட்டு. சரியான திசையில் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கார்த் தரிப்பிடத்துக்கு வந்தபோது நாலு மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் தலையிலிருந்து கால் வரை சேறு. பெண்கள் எங்களை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார்கள். அண்ணை நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, பெரிய தீர்ப்புச் சொல்வதுபோல, "எனக்கு முழுச் சம்மதம்" என்றார்.

"எதுக்கு?" என்றார் மல்லிகா அக்கா.

"கல்யாணத்துக்கு."

"அது முடிஞ்சு ரெண்டு மணித்தியாலம்" என்றாள் புவனா. "வைகாசியிலை நாள் பாத்தாச்சு. மண்டபத்துக்கும் கதைச்சாச்சு. கூறைச் சேலைக்கு ஊதா எண்டு பிள்ளைக்கும் போன்பண்ணிச் சொல்லிப்போட்டம். கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, புட்டு காய்ஞ்சு போகுது."

நாங்கள் உயிரைப் பணயம் வைத்துப் பெற்று வந்த சம்மதத்துக்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை. காய்ந்த புட்டைக் கோழிக்கறிக் குழம்பில் குழைத்துச் சாப்பிட்டோம். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதில்லை.

அண்ணை இந்தக் கதையை யாருக்கும் சொல்வதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். கல்யாண வீட்டில், முந்நூறு பேருக்கு முன்னால், ஒலிவாங்கியைப் பிடித்து அவரே சொன்னார். என் 'ஐயோ அம்மா'வை நடித்தும் காட்டினார். அதிலிருந்து யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் பின்னால் நின்று மெதுவாக "ஐயோ அம்மா" என்பார்கள். பழகிவிட்டது.

இப்போது பேத்திக்கு மூன்று வயது. தூசி உறிஞ்சும் இயந்திரம் போட்டால் அலறுவாள். தெருவில் நாயைக் கண்டால் காலைக் கட்டிப்பிடிப்பாள். லிஃப்டுக்குள் போக மாட்டாள். சென்ற பொங்கலுக்கு எல்லோரும் ஆரணி வீட்டில் கூடியிருந்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பலூன் உடைத்தது. பேத்தி ஒரே பாய்ச்சலில் மேசைக்கு அடியில் போய்க் குப்புறப் படுத்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆரணி மட்டும் இடுப்பில் கை வைத்து, "இது ஆரின்ரை பக்கத்தாலை வந்தது?" என்று கேட்டாள்.

"எங்கடை பக்கம்" என்றேன் நான்.

"சும்மா இருங்கோ சம்பந்தி" என்று எழும்பினார் தர்மலிங்கம் அண்ணை. "வடிவாப் பாருங்கோ, படுத்திருக்கிற விதம் அப்பிடியே என்ரை. இது எங்கடை பக்கம்."

அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.